தர்மன் இறந்தது உண்மைதான்

2024 நவம்பர் 18, திங்கட்கிழமை. அரியலூர் மாவட்டம் கீழப்பழுவூருக்குத் தெற்கே உள்ள ஒரு சிற்றூரின் பேருந்து நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் ஒன்று கட்டப்பட்டிருந்தது. அதில் இருந்த முகம் மணிவண்ணனுடையது.

மணிவண்ணன் அதற்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். பெயர் மட்டும் வேறு. 'தர்மன்' என்று போட்டு, தோற்றம், மறைவு இரண்டுக்கும் தேதி கொடுத்திருந்தார்கள்.

அந்தத் தர்மன் உண்மையிலேயே இறந்தானா என்று விசாரிக்கத்தான் அவன் பெரம்பலூரிலிருந்து வந்திருந்தான்.

மணிவண்ணன் பி.காம். முடித்து, குற்றவியலில் முதுகலையும் படித்தவன். "ஒண்ணு போலீசுக்குப் போ, இல்ல வெங்காய மண்டியில வந்து ஒக்காரு. நடுவுல நிக்காத" என்றார் அப்பா ராசாங்கம்.

"ரெண்டும் சேந்த தொழில் ஒண்ணு இருக்குப்பா."

"போலீசு வியாபாரம் பண்ணா அதுக்குப் பேரு வேறடா."

ஆனாலும் அவன் தனியார் விசாரணை அலுவலகம் திறந்தான். மாதக்கணக்கில் ஒருவரும் படியேறவில்லை. கடைசியில் ஒரு காப்பீட்டு நிறுவனம் தர்மனின் மரணத்தை விசாரிக்கும் வேலையை வெள்ளோட்டமாக அவனிடம் ஒப்படைத்தது. தர்மன் திருப்பூரில் மாரடைப்பால் இறந்ததாகவும், அங்கேயே எரித்துவிட்டதாகவும் மனைவி எழுதிக் கொடுத்திருந்தாள். விசாரணை நன்றாக அமைந்தால் பெரம்பலூர், அரியலூர் வேலைகள் முழுதும் அவனுக்கு. இல்லாவிட்டால் மண்டி. அப்பா அங்கே அவனுக்கு நாற்காலியும் வாங்கிப் போட்டிருந்தார்.

நிறுவனம் கொடுத்த கோப்பில் தர்மனின் படம் இருந்தது. நகலெடுத்ததில் முகம் முழுக்கக் கறுப்பாக விழுந்திருந்தது. மீசை இருந்ததா என்றுகூடச் சொல்ல முடியாது.

பிளக்ஸின் ஓரத்தில் பெரம்பலூர் கடையின் பெயர் இருந்தது. அவனுடைய படத்தோடு அலுவலகப் பலகையை அடித்த அதே கடை. கடைக்கார வீரமணியைக் கூப்பிட்டான்.

"தர்மன்னு ஒருத்தருக்கு அஞ்சலி பிளக்ஸ் அடிச்சியா? அதுல ஏன்யா என் மூஞ்சி இருக்கு?"

"இருக்காதேண்ணே."

"நான் அதுக்குக் கீழதான் நிக்கிறேன்."

"அன்னிக்கு நான் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டேன். கடைப் பொண்ணுதான் அடிச்சுது. படம் மாறியிருக்கும்ணே." கூடவே, "கலரு நல்லா வந்திருக்குல்ல?" என்றான்.

மணிவண்ணன் திரும்பினான். எதிரே டீக்கடை வேம்பு அவனையும் பிளக்ஸையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த கிளாஸ் நழுவி உடைந்தது. குனிந்து பார்க்காமல் கடையின் பின்வழியாகப் போய்விட்டார். வாணலியில் வடைகள் கருகத் தொடங்கின.

தெருவில் ஒரு கதவு சாத்தப்பட்டது. பிறகு அடுத்தது. தாழ்ப்பாள் விழும் சத்தம் தெருக்கோடி வரை போய் நின்றது. நல்ல வெயில். ஒரு குரல் இல்லை.

முகத்தை மறைத்தால் பயம் தெளியும் என்று கைக்குட்டையை மூக்குக்கு மேல் கட்டிக்கொண்டான். அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த அய்யாக்கண்ணு என்ற பெரியவர் கைக்குட்டைக்கு மேலிருந்த கண்களைப் பார்த்தார். குடத்தை விட்டுவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து ஒரு வீட்டுக்குள் போனார்.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தப் படம்தான். மணிவண்ணன் கைக்குட்டையை அவிழ்த்துவிட்டு, டீக்கடை பெஞ்சைப் பிளக்ஸுக்குப் பின்னால் இழுத்துப் போட்டு ஏறி, முகத்தை மட்டும் பிளேடால் அறுத்தெடுத்தான். தெரு கொஞ்சம் தெளிந்ததா என்று அந்த ஓட்டை வழியாகவே எட்டிப் பார்த்தான்.

அந்த நேரம் ஒரு ஜன்னல் திறந்தது. பிளக்ஸில் இருந்த முகம் கழுத்தைத் திருப்பித் தெருவைப் பார்ப்பதை ஒரு பெண் கண்டாள். அவள் போட்ட சத்தத்தில் ஜன்னல்களும் சாத்திக்கொண்டன.

தர்மன் வீட்டுக் கதவு மட்டும் திறந்திருந்தது.

அன்றைக்குக் காரியம். உள்ளே மணிவண்ணனின் படம் சட்டம் போட்டு, குங்குமம் வைத்து, மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தது. முன்னால் விளக்கு எரிந்தது. தலைவாழை இலையில் சோற்றிலும் குழம்பிலும் ஆவி பறந்தது. படத்தின் அருகே தர்மனின் மனைவி சிந்தாமணியும் அவளுடைய தம்பியும் அசையாமல் நின்றார்கள்.

"வந்துட்டீங்களா" என்றாள் சிந்தாமணி.

"நீங்க நெனைக்கிற ஆளு நான் இல்லங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விசாரிக்க வந்திருக்கேன்."

அவள் முகத்தில் மிச்சமிருந்த ரத்தமும் வடிந்தது. "கம்பெனிக்காகவா? நீங்களா?"

"பயப்படாதீங்க. உண்மையைத் தெரிஞ்சுக்கிட்டுப் போயிடுவேன்."

"எங்க மேல கோவங்களா?"

"எதுக்குங்க கோவம்?"

"படத்த..."

"அது கடையில நடந்த தப்புங்க. வுடுங்க."

அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தான்.

"மொதல்ல சாப்பிடுங்க" என்றாள். "ஒங்களுக்கு என்ன செய்யணுமோ செஞ்சுடுறோம். புள்ளைங்கள வச்சிருக்கேன். இத்தோட எங்கள வுட்டுடுங்க."

படையல் இலையையே அவன் முன்னால் நகர்த்தினாள். பசி. மறுத்தால் இன்னும் பயப்படுவார்கள் என்றும் தோன்றியது. உட்கார்ந்து சாப்பிட்டான். அவன் சாப்பிடுவதை மாலைக்குள்ளிருந்து அவனே பார்த்துக்கொண்டிருந்தான்.

சிந்தாமணி குழம்பை இலைக்கு வெளியே ஊற்றியதைக் கவனித்தான். உதடு வறண்டிருந்தது. கண் அவன் பக்கம் வரவே இல்லை. இந்தப் பயத்தை யாரும் நடிக்க முடியாது. இறந்தவன் திரும்பி வந்துவிட்டதாக ஊரே நம்புகிறது. அப்படி நம்ப வேண்டுமானால் முதலில் அவன் இறந்திருக்க வேண்டும். படித்த படிப்பு வீண்போகவில்லை என்று நினைத்தான்.

கை கழுவிவிட்டு அங்கேயே செல்போனில் அறிக்கையை எழுதி அனுப்பினான். 'மரணம் உண்மை. ஊர் முழுவதும் சாட்சி.'

சிறிது நேரத்தில் நிறுவனத்து மேலாளர் தேவயானி அழைத்தார்.

"ரொம்பத் தெளிவா இருக்கு மணிவண்ணன். பணத்தை ரிலீஸ் பண்ணச் சொல்லிட்டேன். இனிமே ரெண்டு மாவட்டமும் நீங்கதான் பாக்குறீங்க."

அவன் சிந்தாமணியிடம் சொன்னான்: "உங்க வீட்டுக்காரர் இறந்தது உண்மைன்னு எழுதிட்டேங்க. இனிமே யாரும் விசாரிக்க வரமாட்டாங்க."

சிந்தாமணி அவன் காலில் விழுந்து ஓவென்று அழுதாள்.

பஸ்ஸுக்கு நேரமாகும் என்று பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் பைக் எடுத்து வந்தார். முகம் மூடிய ஹெல்மெட். கீழப்பழுவூரை நோக்கிப் பைக்கை விட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த மணிவண்ணன் அப்பாவைக் கூப்பிட்டு, "நாற்காலிய வேற யாருக்காவது குடுத்துடுங்க" என்றான்.

பஸ் நிறுத்தத்தில் இறங்கினான். பைக் ஓட்டி வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார்.

"எல்லாந் தெரிஞ்சும் எங்கள, இந்த ஊரையே, வுட்டுட்டீங்க சார். நாந்தாங்க தர்மன். உசுரோட இருக்குறவன் படத்துக்கு மாலை போடக்கூடாதுன்னு எம் பொஞ்சாதி ஒரே அழுவ, அதான் கடையில அசலூரு ஆளு படமா ஒண்ணு பாத்துப் போடச் சொன்னோம்."