ஐஸ் கொம்பனியின் இதய நலத் திட்டம்

தொழிலாளியின் முதுகைப் பற்றிக் கவலைப்பட்ட முதலாளிகள் உலகத்தில் உண்டு. வயிற்றைப் பற்றிக் கவலைப்பட்டவர்களும் இருந்ததாகக் கேள்வி. ஆனால், தொழிலாளியின் இதயத்துக்காக உருகிய ஒரே நிறுவனம் ஊர்காவற்றுறையில் உள்ள எங்கள் ஐஸ் கொம்பனிதான். ஐஸ் என்றால் உருகத்தானே வேண்டும் என்று பொறாமைக்காரர் சொல்லக்கூடும். சொல்லட்டும். நான் அதன் நிர்வாக உத்தியோகத்தர். எனக்கு உண்மை தெரியும்.

எங்கள் முதலாளி கோபிசங்கர் கொழும்பில் ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்தார். நாள் முழுக்கப் பாரம் தூக்கினால் இதயம் பலப்படாது, களைத்துத்தான் போகும். அதற்கு 'ஏரோபிக்' பயிற்சி நல்லது என்று அங்கே சொன்னார்களாம். இளைப்பாறவும் விடவேண்டும் என்று சொன்ன நேரத்தில் அவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார்.

உடனே கூட்டம் கூட்டினோம். அனலைதீவுப் படகுகளுக்கு ஐஸ் மூட்டை சுமக்கிறவர்கள் எல்லோரும் வந்தார்கள்.

"இனி மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில ஏரோபிக்," என்று அறிவித்தேன்.

சுமைகாரர்களில் மூத்தவரான இலட்சுமணன் எழும்பினார். "ஏறுறது விளங்குது சேர். பிக்கு ஏன் வாறார்? நயினாதீவு விகாரையில இருந்தோ?"

சபை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பதவி அப்படி.

"கைவண்டியின்ர சில்லைத் திருத்தித் தந்தா எங்கட இதயம் தன்ரபாட்டில இருக்கும் சேர்," என்றார் மூட்டை கட்டும் ஜெனீற்றா.

"கைவண்டி வந்தா நீங்கள் சோம்பிப்போவீங்கள். திட்டமே கெட்டுப்போம்."

ஆகவே ஒலிபெருக்கி வாங்கப்பட்டது.

யாழ்ப்பாணத்திலிருந்து தாரிகா என்ற பயிற்சியாளர் வந்தார். காலை முழுக்க மூட்டை சுமந்தவர்கள் வியர்வையோடு வரிசையில் நின்றார்கள். தாரிகா ஒவ்வொருவராக நாடி பிடித்துப் பார்த்தார். இலட்சுமணனின் கையை மட்டும் விடவில்லை.

"அண்ணை, துவங்க முன்னமே இப்பிடி அடிக்குதே! நெஞ்சு நோகுதோ?"

"கொஞ்சம் இறுக்குது பிள்ளை. மூட்டையை இறக்கினாச் சரியாப்போம்."

"இறக்கிட்டியள்தானே?"

"ஓம்... அதுதான் எனக்கும் விளங்கேல்லை."

தாரிகா என்னிடம் திரும்பினார். "சேர், இவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கோ. இப்ப ஆடேலாது."

இளைப்பாறுதல் நிகழ்ச்சி நிரலில் இல்லை என்பதை அந்தப் பிள்ளைக்கு அன்பாக விளக்கினேன். படப்பிடிப்பாளர் வேறு காத்திருந்தார்.

"இலட்சுமணன், நீர் முன்வரிசையில நில்லும். படத்துக்கு மட்டும்."

நின்றார். பாட்டுத் தொடங்கியது. இரண்டு கைகளையும் உயர்த்தினார். படம் அருமையாக வந்திருக்கிறது. அதில் அவர் இன்னும் விழவில்லை.

ஜெனீற்றா ஓடிவந்து தலையைத் தாங்கினார். "பாட்டை நிப்பாட்டுங்கோவன்!" என்று அவர் கத்தியது ஒலிபெருக்கியின் தரத்தால் எனக்குக் கேட்கவில்லை. தாரிகா தெருவுக்கு ஓடி ஓட்டோ பிடித்து வந்து, விழுந்தவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்.

இலட்சுமணன் பிழைத்துவிட்டார். இனிப் பாரம் தூக்கவே கூடாது என்றாராம் வைத்தியர். சில நாள் கழித்து மனைவி அன்னமுத்துவின் தோளைப் பிடித்தபடி கந்தோருக்கு வந்தார்.

"இருந்து செய்யிற வேலை ஏதும் தருவியளோ சேர்?"

முதலாளிக்குக் கண் கலங்கியது. அதனால் பதிலை என்னையே சொல்லச் சொன்னார்.

போன மாதம் 'இதயம் காக்கும் நிறுவனம்' விருதுக்கான குழு எங்களைப் பார்க்க வந்தது. "உங்கட தொழிலாளர்களில இதய நோயாளிகள் எத்தனை பேர்?" என்று கேட்டார்கள்.

"ஒருத்தரும் இல்லை," என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

பொய்யில்லை. இருந்த ஒருவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டோமே.