பஸ் ஏறிப் போன என் தலைமுடி

பேட்டி எடுக்க வருகிறவர்களிடம் நான் வருஷக்கணக்காக ஒரு பொய் சொல்லி வருகிறேன். "முதல் பட வாய்ப்பு எப்படிக் கிடைத்தது?" என்று கேட்பார்கள். முகத்தைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, "மேடையில் என் நடிப்பைப் பார்த்த டைரக்டர் அந்த இடத்திலேயே என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்" என்பேன். அதில் மேடை மட்டும்தான் உண்மை. அவர் தேர்ந்தெடுத்தது என் தலைமுடியை! நானோ ஷூட்டிங்குக்கு இரண்டு நாள் முன்னால் அதை மொத்தமாக வழித்துக் கொடுத்துவிட்டேன். யாருக்கு? சாட்சாத் ஏழுமலையானுக்கு!

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சித்தூரில் ஒரு நாடகக் குழுவில் மூன்று வருஷமாக இருந்தேன். பகலில் செல்போன் கடையில் ரீசார்ஜ் போடுவேன். சாயந்திரமானால் மகாராணி, போலீஸ் அதிகாரி, பேய், எதைக் கொடுத்தாலும் செய்வேன். முடி முழங்கால் வரைக்கும் தொங்கும். (மிகை இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் பாதி முடி பின்சீட்டுக்காரர் மடியில் இருக்கும்.) ஆனால் எனக்கு முடியைப் பற்றியெல்லாம் பெருமை கிடையாது. பெருமையெல்லாம் அழுகையில்தான். சினிமாவில் நான் அழ வேண்டும், தியேட்டரே கூட அழ வேண்டும், கைக்குட்டைகள் நனைய வேண்டும். அதுதான் என் லட்சியம்.

லட்சியம் ரெடி, சினிமாதான் வரவில்லை. ஒருமுறை திருப்பதியில் ஒரு லாட்ஜில் ஆள் எடுக்கிறார்கள் என்று போய் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றேன். உள்ளே போய் வாயைத் திறப்பதற்குள் "அடுத்த ஆளு" என்றுவிட்டார்கள். அழுதுகொண்டே நைனாவின் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினேன். நைனா, அதாவது என் அப்பா, சித்தூர் திருப்பதி பஸ்ஸில் கண்டக்டர். பஸ் நிற்க வேண்டுமானால் பக்கத்துத் தகட்டில் ஒரு தட்டு, "ஹோல்டான்!" போக வேண்டுமானால் இரண்டு தட்டு, "ரைட், ரைட்!" வீட்டில் எங்களைக் கூப்பிடுவதும் விரட்டுவதும்கூட இந்தத் தட்டுகளில்தான்.

அன்றைக்கு ஜன்னலில் மலை தெரிந்ததும் எனக்குத் துக்கம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு கையையும் தூக்கி, "சாமீ! ஒரே ஒரு படம் குடு! முழு மொட்டை போட்டுக்கறேன்!" என்று கத்தினேன். மேடைப் பழக்கம் இல்லையா, கடைசி சீட்டு வரைக்கும் கேட்டுவிட்டது. பஸ்ஸே "கோவிந்தா!" போட்டது. நைனா டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"அம்பது பேரு சாட்சி, பாப்பா. ஞாபகம் வெச்சிக்க" என்றார்.

ஆறே மாதம். எங்கள் நாடகம் ஒன்றில் நான் ஊரையே சபிக்கிற பெண். கடைசிக் காட்சியில் கொண்டையை அவிழ்த்து ஒரு உதறு உதறி, "நாசமாப் போவீங்க!" என்பேன். நாடகம் முடிந்ததும் ஒரு சினிமா டைரக்டர் மேடைக்குப் பின்னால் வந்துவிட்டார். நிஜ டைரக்டர்!

"சூப்பர்மா!" என்றார். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவர். "வெள்ளிக்கிழமை வடமாலபேட்டைல ஷூட்டிங். ஹீரோயினுக்கு அக்கா வேஷம். ஒண்ணே ஒண்ணு. இன்னிக்கு எப்படிப் பாத்தேனோ அப்படியே வரணும். ஏதும் மாத்தக் கூடாது, தெலிசிந்தா?"

தெரிந்தது, தெரிந்தது என்று தலையாட்டினேன். என் நடிப்பின் இயல்பைத்தான் மாற்ற வேண்டாம் என்கிறார், பெரிய மனுஷன்! பேசும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, தோளுக்குப் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய டைரக்டர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். (இருபத்திரண்டு வயசில் எனக்கு இருந்தது அவ்வளவுதான் மூளை.)

வீட்டில் ஒரே திருவிழா. நைனா தெருவில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். கொடுத்து முடித்ததும், "வேண்டுதலு?" என்றார்.

அம்மா மட்டும், "ஷூட்டிங் முடிஞ்சி வந்து குடுத்தா சாமி வாணான்னுவாரா?" என்று கேட்டாள். அந்த வீட்டில் அன்றைக்குப் புத்தி வேலை செய்த ஒரே ஆள் அவள்தான். அவளைப் போய் நான் முறைத்தேன்.

"சாமிகிட்ட அப்புறம் குடுக்கறேன்னு சொல்றதா? குடுத்துட்டுத்தான் கேமரா முன்னாடி நிப்பேன். நடிக்கிறவளுக்கு முடி எதுக்கும்மா? மூஞ்சி போதும்!"

இந்த வசனத்தை என் தம்பி இன்றைக்கும் என் குரலிலேயே சொல்லிக் காட்டுவான்.

புதன்கிழமை நானும் நைனாவும் மலைக்குப் போனோம். மொட்டை போடும் அம்மா என் முடியைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

"எவ்ளோ முடி தல்லி! மூணு கத்தெர குடுத்தா சாலதா?" என்றார். (பெண்கள் முழு மொட்டைக்குப் பதிலாக முடி நுனியில் மூன்று வெட்டு மட்டும் கொடுத்தாலும் காணிக்கைதான். போதாதா என்று கேட்கிறார்.)

சாமியே அந்த அம்மா வாயால் கேட்டார் என்று இப்போது தோன்றுகிறது. நான்தான் நெஞ்சை நிமிர்த்தி, "முழுசா எடுங்க!" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் கும்பிட்டார்கள். குளித்துவிட்டுத் தலை முழுக்கச் சந்தனம் அப்பிக்கொண்டு வெளியே வந்தபோது காற்று தலையில் பட்டது. அடடா, அந்தக் குளிர்ச்சி! அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வடமாலபேட்டை. சென்னை ரோட்டை ஒட்டி ஒரு மாடி வீடு. துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு நைனாவோடு போய் நின்றேன். டைரக்டர் சிரித்துக்கொண்டே ஓடி வந்தார். நான் துப்பட்டாவை எடுத்தேன்.

"ஜுட்டு ஏதம்மா?" என்றார். "முடி எங்க?"

"குடுத்துட்டேன் சார்."

"யாருக்கு?"

மலை இருக்கிற திசையில் கையைக் காட்டினேன்.

அவர் முகம் சிவந்தது. ஒரு கெட்ட வார்த்தை உதடு வரைக்கும் வந்ததை என் கண்ணால் பார்த்தேன். குனிந்து செருப்பைக் கழற்றினார். நான் இரண்டடி பின்னால் போனேன். ஆனால் பெருமாளுக்குக் கொடுத்ததைத் திட்ட இந்தப் பக்கத்தில் யாருக்குத் தைரியம் வரும்? வெறும் காலோடு மலைப்பக்கம் திரும்பி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்தபடி "கோவிந்தா" என்றார். லைட் பிடிக்கிறவர், டீ கொடுக்கிறவர், ஜெனரேட்டர்காரர், எல்லோரும் "கோவிந்தா, கோவிந்தா!" ஒருவர் என்னிடம் வந்து லட்டு இருக்கிறதா என்று கேட்டார்.

அப்புறம்தான் டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். "அந்த வேஷமே முடிதானம்மா. அக்கா மாடியில முடி காய வைக்கிறா. கீழ ரோட்டுல ஹீரோ அந்த முடிய மட்டும் பாத்து லவ் பண்றான். மூஞ்சியே காட்டப் போறதில்ல."

மூஞ்சியே காட்டப் போவதில்லை! எனக்குப் பூமி பிளந்துவிடாதா என்று இருந்தது. அவ்வளவு அவமானம். குலுங்கிக் குலுங்கி அழுதேன். என் வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த அழுகை அது. ஒரு கேமராவும் என் பக்கம் திரும்பவில்லை.

அதற்குள் வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் நீள முடியோடு நின்ற ஒரு பெண்ணைக் கண்டுபிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். சென்னையிலிருந்து ஒரு விக்கு ரயிலில் வருகிறது. அது வந்து நான் ஒழுங்காகச் செய்தால் வேஷம் எனக்கு, இல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு. அவள் முறுக்குத் தின்றுகொண்டு என் மொட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷம் காத்திருந்து கிடைத்த வேஷம், கண்ணெதிரே முறுக்குத் தின்றால் எப்படி இருக்கும்?

மூன்று மணிக்கு மேக்கப் அண்ணன் ரேணிகுண்டா ஸ்டேஷனிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினார். திறந்தால் கருகருவென்று முழங்கால் நீள முடி. எனக்கு உயிர் திரும்பி வந்தது. நைனா குனிந்து அதை முகர்ந்து பார்த்தார்.

"இன்னா முடிப்பா இது? நைலானா?"

மேக்கப் அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நைலானா? அசல் முடி பெரியவரே! நம்ம திருப்பதி முடி!"

அவ்வளவுதான். நைனா பெட்டியைப் பட்டென்று மூடிவிட்டார்.

"அப்ப இது சாமி சொத்து. பாப்பா, தொடாத!"

"அதெல்லாம் ஏலத்துல வந்ததுங்க" என்றார் மேக்கப் அண்ணன்.

"அப்ப லட்டு மட்டும் துன்றோமே? அதுவும் சாமிதுதான?" என்றார் லைட்காரர்.

"லட்டு அவரு நமக்குக் குடுக்கறது. முடி நாம அவருக்குக் குடுத்தது. குடுத்தத எடுத்து மறுபடியும் தலைல வெச்சிக்கினா அது இன்னா வேண்டுதலு? இது எம்பொண்ணு முடியாவே இருந்தா?"

"ரெண்டு நாள்ல விக்கு ஆயிடுமா பெரியவரே?"

"அவரு நெனச்சா ஆவாதா?"

யூனிட் இரண்டாகப் பிரிந்துவிட்டது. சமையல்காரர் நைனா பக்கம், ஜெனரேட்டர்காரர் என் பக்கம். டைரக்டர் வெயில் இறங்குவதைப் பார்க்கிறார், வாட்சைப் பார்க்கிறார், முறுக்குப் பெண்ணைப் பார்க்கிறார். எனக்கு வந்ததே கோபம்!

"நைனா! நான் போட்டுக்கத்தான் போறேன். சாமிக்குக் கோவம்னா எங்கிட்ட வரட்டும்!"

நைனா படியைப் பார்த்து நடந்தார். இறங்கும்போது திரும்பி, "போட்டுக்க. ஆனா அவரு வாங்காம உடமாட்டாரு" என்றார். கீழே ரோட்டோரம் இளநீர்க் கடையில் போய் முறைப்பாக நின்றுகொண்டார். அங்கே ஒரு டூரிஸ்ட் பஸ்ஸும் நின்றிருந்தது. திருப்பதிக்குப் போகிற கூட்டம், கூரையில் பையும் பாயுமாகக் கட்டியிருந்தது.

மேக்கப் அண்ணன் பசை தடவி ஒட்டினார். புது மொட்டை, போகாத சந்தனம், வழிகிற வியர்வை. "மெதுவா ஒதறும்மா" என்றார். மெதுவாவது! எனக்கு இருந்த வெறியில் மெதுவாகச் செய்ய முடியுமா? "ஆக்‌ஷன்" என்றதும் மாடி விளிம்பில் முதுகு காட்டி நின்று, முடியை எல்லாம் முன்னால் போட்டுக் குனிந்து, மூன்று வருஷ ஆசையையும் சேர்த்துப் பின்னால் ஒரு உதறு உதறினேன்.

தலை லேசாகிவிட்டது.

திரும்பிப் பார்க்கிறேன், என் வேஷம் ஆகாயத்தில் போகிறது! நன்றாக விரிந்து, ஆடி அசைந்து, அவசரமே இல்லாமல் இறங்கி, டூரிஸ்ட் பஸ் கூரையில் பாய் மூட்டைமேல் படுத்துக்கொண்டது. டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

"நைனா! முடி! பஸ் மேல! நிறுத்து நைனா!" மொட்டைத் தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பாதி உடம்பு மாடிக்கு வெளியே தொங்க, அலறினேன்.

நைனா என்னைப் பார்த்தார். பஸ் கூரையைப் பார்த்தார். இளநீரைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். அப்பா! அந்த வயசில் அப்படி ஓடுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பஸ்ஸைப் பிடித்தேவிட்டார். கையை ஓங்கி, பக்கத்துத் தகட்டில் பட் பட் என்று இரண்டு தட்டு.

"ரைட்! ரைட்!"

பஸ் பறந்துவிட்டது. உள்ளே இருந்தவர்கள் போட்ட "கோவிந்தா! கோவிந்தா!" தூரம் வரைக்கும் கேட்டது.

மேக்கப் அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். டைரக்டரைப் பார்த்தேன். மனுஷன் கீழே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். கேமராக்காரர் மெல்ல, "சார், கட் சொல்லலையே. எல்லாம் வந்துடுச்சி" என்றார்.

அக்கா வேஷம் முறுக்குப் பெண்ணுக்குப் போய்விட்டது. ஆனால் முடி பறக்கிறதும் மொட்டையாக நான் அலறுவதும் அப்படியே படத்தில் சேர்ந்துவிட்டது. ஹீரோ தப்பான மாடியைப் பார்த்துவிட்டதாகக் கதையையே மாற்றினார்கள். சித்தூர் தியேட்டரில் நான் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு பார்த்தேன். என் காட்சி வந்ததும் கைக்குட்டைகள் நனையத்தான் செய்தன, சிரிச்சுச் சிரிச்சு! விசில் காதைப் பிளந்தது. எனக்கு வெட்கமும் வந்தது, தலைகால் புரியாத சந்தோஷமும் வந்தது. அடுத்த வாரமே இரண்டு படம், இரண்டும் காமெடி. அன்றிலிருந்து இன்றுவரை அழுகிற வேஷம் ஒன்றுகூட எனக்கு வந்ததில்லை. புதுப் படத்துக்குப் பேச வருகிற மேனேஜர்கள் தேதி கேட்பதற்கு முன்னால், "வேண்டுதல் பாக்கி ஏதும் இல்லையே மேடம்?" என்றுதான் கேட்கிறார்கள்.

"ஏன் நைனா ரைட்டுன்னு சொன்ன?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "தெனம் சொல்ற வாயி பாப்பா. பதட்டத்துல தானா வந்திச்சி" என்பார். நானும் நம்பினேன். பாவம், நிறுத்தத்தான் ஓடினார் என்று எல்லோரிடமும் அவருக்காகப் பேசியும் வந்தேன்.

போன வருஷம் அவர் ரிட்டயர் ஆனார். டிப்போவில் ஷாமியானா போட்டு விழா. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன், முடி மறுபடியும் இடுப்பு வரைக்கும் வளர்ந்திருந்தது. கழுத்தில் மாலையோடு நைனா மைக்கைப் பிடித்தார்.

"என் சர்வீஸ்ல எத்தினியோ பாத்துட்டேன். ஆனா ஒண்ணு. நிறுத்த வேண்டிய வண்டிக்கு நான் ஒரு நாளும் ரைட் சொன்னதே இல்ல."

கைதட்டல் கிளம்பியது. எங்கள் வரிசையில் மட்டும் யாரும் தட்டவில்லை. அம்மா, தம்பி, தம்பி பெண்டாட்டி, எல்லோரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். நைனாவும் என்னைப் பார்த்தார். என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். ஒரு வினாடி திருதிருவென்று விழித்தார். அப்புறம் மலை இருக்கிற பக்கமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மைக்கில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"ரைட், ரைட்."