முத்திரையை வெட்டாத கலர் பாய்

அடுத்தவர் பொருளை எடுத்துக்கொண்டு, அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்த ஆள் ஆம்பூரில் கலர் பாய் ஒருவர்தான். அவரைப் போல ஒரு முட்டாள் உலகத்தில் கிடையாது என்ற முடிவோடு நான் நெடுஞ்சாலையில் வேலூர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை, பைக்குள் இரண்டு சட்டை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு ஒரு வேலையை விடுவது பெரிய காரியமில்லை. அந்த வருடம் நான் விட்ட நான்காவது வேலை, பாயிடம் பார்த்தது.

பாய் தோல் தொழிற்சாலையில் நிறம் கலக்கிக்கொண்டிருந்தவர். இருமல் அதிகமாகி வெளியே வந்து, நான்கு கம்ப்யூட்டர் வாங்கி பிரவுசிங் சென்டர் வைத்தார். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஊரில் எல்லோருக்கும் வெப்சைட் வேண்டும். பாய்க்கோ ஒன்றைக்கூடப் புதிதாகச் செய்யத் தெரியாது. வெளிநாட்டில் யாரோ ஒருவர், ஒரு பூக்கடைக்காகச் செய்த வெப்சைட்டை உள்வேலையான கோடிங் முழுவதோடும் பொதுவில் வைத்திருந்தார். யார் வேண்டுமானாலும் எடுத்து, மாற்றி, தங்கள் பெயரில் நெட்டில் ஏற்றிக்கொள்ளலாம். செய்தவர் பெயரை மட்டும் அழிக்கக் கூடாது.

அந்த ஒன்றை வைத்தே பாய் ஊரைச் சமாளித்தார். பிரியாணிக் கடைக்குப் போட்டபோது, திரையில் ரோஜா இதழ் உதிர்வதை நிறுத்த எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது. கடைக்காரர் வந்து கத்தினார்: "இன்னா பாய், பிரியாணி மேல பூ கொட்டுது? இன்னா சாவு வூடா?"

"வாசனையா இருக்கட்டுமே," என்றார் பாய்.

தொழிற்சாலையில் தோலின் நிறத்தை வெயிலில் வைத்துத்தான் ஒப்பிடுவார்கள். அதனால் ஒவ்வொரு வெப்சைட்டுக்கும் மானிட்டரை வாசலுக்குத் தூக்கி வரச் சொல்வார். வெயில் பட்டதும் திரையில் ஒன்றும் தெரியாது. பாய் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "கொஞ்சம் ஜாஸ்தி, கம்மி பண்ணு," என்பார்.

வெப்சைட்டைச் செய்தவருக்கு நன்றி எழுதச் சொல்லி ஒருநாள் உட்காரவைத்தார். வெப்சைட்டையும் தோல் என்றே சொல்லும் பாய் சொல்லச் சொல்ல, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அடித்தேன்: 'ஐயா, உங்கள் தோலை எடுத்துக்கொண்டோம். நிறம் மட்டும் மாற்றினோம். கோபம் வேண்டாம்.' பதில் வரவில்லை.

சண்டை ரோஸி அக்கா விஷயத்தில் வந்தது. பேர்ணாம்பட்டு ரோட்டில் ஒரு ஷெட்டில், ஆறு பெண்களோடு தோல் கையுறை தைப்பவர். வேலை கொடுத்துவந்த கம்பெனி நிறுத்திவிட்டது. வெளியிலிருந்து ஆர்டர் வராவிட்டால் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான். கையுறைகளைப் படமெடுத்து, பூக்கடையைக் கையுறைக் கடையாக்கி ஏற்றினோம். இரண்டு மாதமாகியும் ஒருவரும் விசாரிக்கவில்லை.

"இந்த மாசக் கடைசியில பூட்டிடுவேன் பாய். பொண்ணுங்ககிட்ட இன்னா சொல்றதுன்னு தெரியல," என்று சொல்லிவிட்டுப் போனார் அக்கா. அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வெப்சைட்டின் அடியில் வெளிநாட்டுக்காரரின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் இருந்தன. "அத அழிச்சிடலாம் பாய். பாக்கறவன் இது யாரோ வெள்ளக்காரன் கடைன்னு நெனச்சிக்கிறான்," என்றேன்.

"தோலு அவருதுடா. முத்திரைய வெட்டுவியா நீ?"

கூலிக்குத் தோல் பதனிடும் இடங்களில், யாருடைய தோல் என்று தெரிய வால் பக்கம் அடையாளம் குத்தியிருக்கும். வேலை முடியும்வரை அதில் கத்தி படக் கூடாது.

"இது தோலு இல்ல பாய்!"

"எல்லாம் தோலுதான்டா."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மாதனூர் தாண்டியதும் பின்னால் மொபெட் சத்தம். பாய் இருமிக்கொண்டே இறங்கி, மெயிலை அச்சடித்த காகிதம் ஒன்றை நீட்டினார். "ரோஸியம்மா படிச்சி சொன்னாங்க. நீயும் படி."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். வெளிநாட்டுக்காரர் எழுதியிருந்தார். எங்கள் நன்றிக் கடிதத்தை மிரட்டல் என்று நினைத்து ஒதுக்கி வைத்தாராம். பிறகு முன்பின் தெரியாதவர்கள் அவரிடம் கையுறை விலை கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். எங்கள் வெப்சைட்டில் விசாரித்து எழுதுவதெல்லாம் அவர் முகவரிக்கே போய்க்கொண்டிருந்ததாம். பெயர் இருந்தால் போதும், முகவரியை மாற்றிவிடுங்கள் என்று எழுதி, வந்த கடிதங்கள் அத்தனையையும் கீழே ஒட்டியிருந்தார். அதில் ஒரு தோட்டச் சாமான் கடை உடனே சாம்பிள் கேட்டிருந்தது.

"முத்திரைய வெட்டலடா," என்றார் பாய், சாலையைப் பார்த்தபடி. "ஆனா சரக்கையே அவரு வூட்டுக்கு அனுப்பிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வேறொன்றும் தோன்றியது. அந்த மனிதர் எங்களைப் பார்த்ததில்லை. அந்தக் கடிதங்களைக் குப்பையில் போட்டிருந்தாலும் கேட்பாரில்லை. நான் வேலை பார்த்த இடங்களில், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்கூட எனக்காக இவ்வளவு மெனக்கெட்டதில்லை.

"சாம்பிளுக்கு ஆள் பத்தலியாம். ஏறு," என்றார் பாய். மன்னிப்பெல்லாம் அவர் கேட்கவில்லை. நானும்தான்.

மறுநாள் காலை ரோஸி அக்காவின் ஷெட்டில், தைத்த கையுறைகளில் பிசிறு நூல் வெட்டும் வேலைக்கு உட்கார்ந்தேன். "எத்தினி நாள் இருப்பேப்பா?" என்று கேட்டார் அக்கா. நான் விட்டுவந்த இடத்திலிருந்து என்னைத் தேடி ஒரு மனிதர் வந்தது, முந்தின நாள் பாய் வந்ததுதான் முதல் தடவை. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "இருக்கறேன்க்கா," என்றேன்.