லீமா விளக்கிய வில்லன்கள்

புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய்நாரால் தேய்த்ததில் எட்டு வில்லன்களும் வெள்ளிக் கிண்ணம்போல் பளபளத்தார்கள். லீமாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது, வாளித் தண்ணீரில் சிவப்பும் பச்சையும் மிதப்பதைப் பார்க்கும்வரை.

நாயுடுபுரத்திலிருந்து தினமும் வெள்ளனே வந்து ஹாரிஸ் துரையின் பங்களாவைக் கூட்டித் துடைப்பது அவள் வேலை. துரை பள்ளிக்கூட வாத்தியார். சனிக்கிழமைதோறும் மாணவர்களோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிச் சண்டை விளையாட்டு விளையாடுவார். அதற்காக அமெரிக்காவிலிருந்து வந்தவைதான் இந்தக் காமிக்ஸ் வில்லன்கள். கட்டைவிரல் உயர ஈயப் பொம்மைகள். கை வேறு உடல் வேறாக வந்தவற்றை ஒட்டி வர்ணம் தீட்ட எண்பத்திரண்டாம் வருஷத்துக் கோடை முழுவதும் அவருக்குச் செலவாயிற்று. படித்தவர்களுக்கு நேரம் அதிகம்.

அவர் மதுரைக்குப் போயிருந்தார். வருவதற்குள் எல்லாவற்றையும் சுத்தமாக்கி வைத்து நல்ல பெயர் வாங்க நினைத்தாள் லீமா. சாம்பல் வாடை போகட்டும் என்று வில்லன்களைச் சுடுதண்ணீரில் போட்டாள். ஒட்டியிருந்த கைகளும் கழன்றன.

பஜாரில் போர்டு எழுதும் புருஷன் மனுவேலிடம் ஓடினாள்.

"துரை என்னைக்கு வர்றாரு?"

"நாளைக்குச் சாயங்காலம். வேலை போயிரும்ங்க."

"வெரசா முடிச்சிரலாம். வில்லன்தானே? எனக்குத் தெரியாத வில்லனா?"

வாரம் ஒரு சினிமா பார்க்கிறவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

தஸ்தகீர் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாங்கி வந்தான். எந்தக் கை எவனுடையது என்று தெரியவில்லை. ஒட்டி முடித்தபோது ஒருவனுக்கு இரண்டும் இடது கை. இன்னொருவனுக்கு மூன்று கை. மூன்று கை இருந்தால் இன்னும் பெரிய வில்லன் என்று மனுவேல் விளக்கினான்.

கையிருப்பில் லாட்ஜ் போர்டுக்கு வாங்கிய நீலமும் சிவப்பும் கறுப்பும்தான் இருந்தன. அது போதும் என்றான். எட்டுப் பேருக்கும் கோடு போட்ட பனியன், கழுத்தில் கைக்குட்டை, கன்னத்தில் மரு. மலைப் பனிமூட்டத்தில் பெயிண்ட் காயாததால் லீமா அவர்களை விறகடுப்போரம் நிறுத்தினாள். புகைக்கரி ஒட்டிக்கொண்டது. கரியை மறைக்க இரண்டாம் பூச்சு. அதுவும் காயாமல் விரல்ரேகை பதிந்ததால் மூன்றாவது. அதில் மூக்கெல்லாம் மறைந்துவிட்டது. மூக்கு இருந்திருக்கக்கூடிய இடத்துக்குக் கீழே, தோராயமாக, மனுவேல் மீசை வரைந்தான்.

மறுநாள் சாயங்காலம் துரை ஒரு வில்லனை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். இது யார் என்று தமிழிலேயே கேட்டார்.

லீமாவுக்கு அழுகை வந்துவிட்டது. புளி, சாம்பல், தேங்காய்நார், சுடுதண்ணீர் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். துரை இடைமறித்து, பழைய பெயிண்ட் முழுக்கவா போயிற்று என்று கேட்டார்.

"பொட்டு மிச்சமில்லைங்க. கையி காலு இடுக்கெல்லாம் வெறும் ஈயமா மின்னுச்சுங்க. அப்புறந்தான் எங்க வீட்டுக்காரரு..."

துரை நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வேலை போனது நிச்சயம் என்று லீமா தன் பையைத் தேடினாள்.

காரிலிருந்து பெட்டியை இறக்கி வந்த டிரைவர் பழனிமுத்து, மூடிய கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"இப்ப அவர்கிட்ட எதும் கேக்காதக்கா. அந்தப் பொம்மைகளுக்கு வேற வர்ணம் அடிக்கணுமாம். பழைய பெயிண்ட உரிச்சு வெறும் ஈயமாக்கித் தர ஆள் தேடி ரெண்டு நாளா மதுரை பூரா அலைஞ்சோம், ஒருத்தனும் முடியாதுன்னுட்டான்."