மூன்றாவது வடைக் கடை

நடந்துவிட்டு வருகிறவர் வியர்த்திருக்க வேண்டும் என்பது திருவேங்கடத்துக்கு வீட்டு வாசலில்தான் நினைவு வந்தது. திரும்பக் கீழே இறங்கி, வாட்ச்மேன் செடிக்குத் தண்ணீர் விடும் குழாயில் சட்டைக் காலரை நனைத்துக்கொண்டு மேலே வந்தார்.

மனைவி ஷ்யாமளா காலரைத் தொட்டுப் பார்த்தாள். "நன்னா நடந்தேளா?"

"ஃபைவ் கார்டன்ஸ் பார்க்கை நாலு சுத்து."

நடந்தது மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்து வடைக் கடை வரைக்கும்தான்.

திருவேங்கடத்துக்கு வயது ஐம்பத்துமூன்று. ஆபீஸில் ஹெட் கிளார்க். ஜனவரியில் சர்க்கரை ஏறியதும் ஜிம்மில் சேர்ந்து, மகன் அனந்த் தூக்குகிற எடையைத் தானும் தூக்கி, ஒன்பதாம் நாள் முதுகு பிடித்து டாக்ஸியில் வந்து இறங்கினார். இந்த வயதில் ஒரு வார வீரம் உதவாது என்றார் டாக்டர். தினமும் ஒரு மணி நேரம் சும்மா நடக்க வேண்டும், விடாமல் நடக்க வேண்டும். மே மாதத்துக்குள் சர்க்கரை இறங்காவிட்டால் தினசரி ஊசிதான். ரத்தப் பரிசோதனைக்கே கண்ணை மூடிக்கொண்டு ஷ்யாமளாவின் கையைப் பிடிக்கிற மனிதர் அவர்.

அப்படியும் நாலாம் நாளே கால் கடைக்குள் நுழைந்துவிட்டது. ஒரு வடை, சர்க்கரை போடாத காபி. காகிதத்தைத் தெருவில் எறிகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. கடையின் பெயரும் போன் நம்பரும் அச்சடித்த வடைப் பையை நாலாக மடித்து டிராக் பேண்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். முப்பது வருஷம் ஃபைல் பார்த்த கை. டிராக் பேண்டை ஷ்யாமளா தினமும் துவைத்துப் போட்டாள்.

அடுத்த வாரம் அதே கடையில் மூன்றாம் மாடி பஞ்சு உட்கார்ந்திருந்தார். எதிரே வெறும் தண்ணீர் டம்ளர். பஞ்சு பார்த்தால் பில்டிங் முழுக்கப் பார்த்த மாதிரி. திருவேங்கடம் வந்த வழியே திரும்பினார்.

மறுநாளிலிருந்து இன்னும் தள்ளியிருந்த கிங்ஸ் சர்க்கிள் வடைக் கடை. பஸ்ஸில் போகலாம்தான், காலர் நனைய வேண்டுமே. குழாயடியில் வாட்ச்மேன் வேறு ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்திருந்தான். எனவே நடந்தார். அங்கே வடை இன்னும் மொறுமொறுப்பு. மூன்று வாரம் நிம்மதியாகப் போயிற்று.

நாலாவது வாரம் வாசல் மேசையில் பார்வதியம்மாள். ஷ்யாமளாவின் பஜனை கோஷ்டித் தலைவி, வெளியில் தண்ணீர்கூடக் குடிக்காதவள். மடியில் ஸ்லோகப் புத்தகத்தோடு, அடுத்த மேசை வடையை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"வாக்கிங்கா?" என்றாள்.

"ஆமாம் மாமி, இப்படியே போயிண்டிருக்கேன்."

சொல்லிவிட்டதால் போய்க்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. கால் நின்ற இடம் தாராவி. ஜெயினுலாப்தீன் என்கிற திருநெல்வேலிக்காரர் பருப்பு வடை போட்டுக்கொண்டிருந்தார். மாட்டுங்காவிலிருந்து ஒரு குருவிகூட இங்கே வராது என்று திருவேங்கடம் தீர்மானித்தார்.

இந்தக் கடைப் பையிலும் பெயரும் நம்பரும் இருந்தன; அதுவும் நாலாக மடிந்து பாக்கெட்டுக்குப் போயிற்று. போக முக்கால் மணி, வர முக்கால் மணி. ஞாயிற்றுக்கிழமையும் போனார். வெயில் ஏறியும் போனார். குழாய் தேவைப்படவில்லை. பேண்ட் இடுப்பில் நிற்காமல் போனபோது, துவைத்துத் துவைத்து நாடா தளர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

மே மாதம் டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு தடவை பார்த்தார். ஊசி வேண்டாம் என்றார். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்.

"டிசிப்ளின், டாக்டர்."

கூட வந்திருந்த ஷ்யாமளா சுவரிலிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தாள். இதே நடையை இன்னும் கொஞ்சம் கூட்டினால் மாத்திரையையும் குறைக்கலாம் என்று டாக்டர் சொன்னபோதுதான் திரும்பினாள்.

மறுநாள் காலை தாராவியில் திருவேங்கடம் இரண்டு வடை கேட்டார். ஜெயினுலாப்தீன் ஒன்றுதான் கொண்டுவந்தார். வைத்துவிட்டு நகராமல் நின்றார்.

"என்ன பாய், ஏதாவது பிரச்னையா?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நேத்து ஒங்க வீட்டம்மா போன் பண்ணுனாவ. இந்தக் கடைல யாரு வந்து உக்காந்தா நீங்க இன்னும் தள்ளி குர்லா வரைக்கும் நடப்பியன்னு கேக்காவ. நான் என்ன சொல்லட்டும்?"