விரிசல் இல்லாத மணி

ஃபோல்கர் எஹ்லர்ஸ், பிரபஞ்சம் பிறந்த முதல் நொடியை ஆராய்ந்த கோட்பாட்டு இயற்பியலாளர். அவர் சொன்னதை யாராலும் சோதித்துப் பார்க்க முடியாது என்பதால் ஜெர்மனி முழுக்க அவருக்கு நல்ல மரியாதை இருந்தது. பல்கலைக்கழக ஒப்பந்தம் முடிந்ததும், பொருளை உடைக்காமலே உள்ளிருக்கும் குறையைக் கண்டுபிடிக்கும் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார். ஒரு வருடம் தாக்குப்பிடித்தால் வேலை நிரந்தரம். பாவம், இங்கே சொன்னது சரியா என்று பார்ப்பார்கள்.

முதல் வேலை, தேவாலயத்தின் பெரிய மணி. ஒலி அலையை உள்ளே அனுப்பி, எதிரொலியை அளந்து, விரிசல் இல்லை என்று எழுதிக்கொடுத்தார். பாதிரியார் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சோதனை மேற்பார்வை அலுவலகத் தலைமை அதிகாரி காஸ்ட்னர் அம்மையார் மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இல்லைன்னு எப்படி டாக்டர் நம்புறது?"

"உடைக்காம பாக்குறதுதானே மேடம் இந்த முறையே?"

"முறை இருக்கட்டும். அது சரியான முறையான்னு உறுதிப்படுத்தணுமே. அறுத்துப் பாத்துரலாம்."

அறுத்தார்கள். மயிரிழை விரிசல்கூட இல்லை. அம்மையார் எழுந்து நின்று கைகுலுக்கினார். மணி பூரண நலத்துடன் இருப்பதாக இரண்டு துண்டுக்கும் தனித்தனியே சான்றிதழ் வழங்கப்பட்டது. அந்த ஞாயிறு பாதிரியார் கோபுரத்தில் நின்று சூப் பானையைத் தட்டினார். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

எஹ்லர்ஸ் சுதாரித்துக்கொண்டார். விதிப்படி, குறையில்லாத பொருளைத்தான் அறுத்து உறுதிப்படுத்த வேண்டும். குறையுள்ளதென்றால் சிவப்புச் சீட்டு ஒட்டி, பழுதுபார்க்க நிதி வரும்வரை பயன்படுத்தலாம். நிதி எந்தக் காலத்தில் வந்தது? ஆகவே குறையே இல்லாத மருத்துவமனைக் கொதிகலன், பீர் ஆலைத் தொட்டி, திருவிழா ராட்டினம் எல்லாவற்றுக்கும் விரிசல் என்றே எழுதினார். ஊர் பிழைத்தது. சிவப்புச் சீட்டு இல்லாத பொருளை வாங்கவே ஜனங்கள் பயந்தார்கள். மேயர் தம் புதுக் காருக்கு ஒன்று கேட்டு வாங்கி ஒட்டிக்கொண்டார். எஹ்லர்ஸுக்கு வேலை நிரந்தரமானது.

பிறகு ஆற்றுப் பாலத்தைச் சோதித்தார். நேரே அம்மையாரிடம் ஓடிவந்தார்.

"மேடம், பாலத்துல விரிசல். நெஜமாவே விரிசல். உடனே மூடச் சொல்லுங்க."

அம்மையார் கண்ணடித்தார். "புரியுது டாக்டர். சீட்டு ஒட்டிருங்க."

"சத்தியமா சொல்றேன், மேடம்."

"எப்பவும் அப்படித்தானே எழுதுறீங்க?"

சந்தேகமிருந்தால் அறுத்தே பாருங்கள் என்று கெஞ்சினார். குறையுள்ளதை அறுக்க விதியில் இடமில்லையாம்.

சீட்டு ஒட்டியாயிற்று. இவ்வளவு திடமான பாலம் இந்த வட்டாரத்திலேயே கிடையாது என்று பெருமையடித்துக்கொண்டு நாங்கள் தினமும் அதன்மேல்தான் வேலைக்குப் போகிறோம். எஹ்லர்ஸ் மட்டும் படகில் வருகிறார். தாமதமாக வருகிறவர்மீது நடவடிக்கை வேண்டும் என்று கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.