கோட்டுக் கைக்குள் தூங்கிய மகாராணி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீயும் அத்தானும் மகள் வீட்டில் சுகம்தானே? இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. முதலில் உட்கார்ந்துகொள். போனில் சொன்னால் நீ அழுவாய், அத்தான் கத்துவார், அதனால்தான் கடிதம்.

"சாதுடா, வாயில்லா ஜீவன்" என்று என் தையல் கடையில் விட்டுப் போனாயே உன் பூனை மகாராணியை, அந்த வாயில்லா ஜீவனுக்கு வாய் இருக்கிறது அக்கா, வாய் நிறையப் பல்லும் இருக்கிறது. நேற்று எதிர்த்தெரு வக்கீல், கறுப்புக் கோட்டைப் போட்டுப் பார்க்க வந்தார். நான் சாக்பீஸைத் தேடித் திரும்புவதற்குள், அவசரக்காரர், மேசையில் கிடந்த கோட்டுக்குள் தானே கையை விட்டார். மகாராணி தூங்குவது அந்தக் கைக்குள்தான் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாதே! "லைனிங் ஏன் இவ்வளவு மெத்துனு இருக்கு?" என்றார். அடுத்தது "ஐயோ!"தான்.

கட்டைவிரலடியில் இரண்டே ஓட்டை. ஊசியோடு குடும்பம் நடத்துகிறவன் நான், சின்ன ஓட்டைதான் ஆழமாக இறங்கும் என்று எனக்குத் தெரியாதா? "சார், முதல்ல சோப்பு போட்டுக் கழுவுங்க" என்று குழாயடிக்கு இழுத்துப் போனால், அங்கேயும் வாதாடுகிறார்.

"பூனை யாருது?"

"எங்க அக்காவோடது சார்."

"சாப்பாடு யார் போடறது?"

"நான்தான்..."

"சாப்பாடு போடறவர்தான் பொறுப்பு. கோர்ட்டுல பேசிக்கலாம்!"

பயத்தில் உன்னை மாட்டிவிட்டேன், மன்னித்துக்கொள். ஆனால் நான் கழுவி முடிக்கிறவரை சின்னப் பிள்ளை மாதிரிக் கையை நீட்டிக்கொண்டு நின்றார் அக்கா, கோபமெல்லாம் வாயில்தான். தைத்து முடித்த பேன்ட் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு, கத்திக்கொண்டே கிளம்பினார். சாயங்காலத்துக்குள் கை பன்னு மாதிரி வீங்கிவிட்டது. ஊசி போட்ட டாக்டர், பூனையைப் பத்து நாள் கண்முன்னாலேயே வைத்திருக்கச் சொன்னாராம். "பூனை இருக்குல்ல?" என்று வக்கீல் போனில் கேட்டார். "தூங்குது சார்" என்று சொல்லிவிட்டேன்.

அக்கா, பூனையைக் காணோம்! மிஷினடி, மாடி, சாக்கடை, எல்லாம் தேடியாயிற்று. பூட்டிக் கிடக்கிற உன் வீட்டுச் சுவரேறியும் பார்த்தேன். அந்த மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ, என் கடை போய்விடுமோ என்று சோறு இறங்கமாட்டேன் என்கிறது. இன்று சாயங்காலம் பூனையைப் பார்க்க நேரிலேயே வருகிறாராம், நான் எதைக் காட்டுவேன்? அதற்குத் தடுப்பூசி போட்டாயா இல்லையா? உண்மையைச் சொல்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் பேத்திக்கு ஆயிரம் முத்தம், எந்தப் பூனைப் பக்கமும் விடாதே.

உன்னை நம்பிக் கெட்ட,
தம்பி

பி.கு.: இடது கையால் எழுதுகிறேன், கோணலைப் பொருட்படுத்தாதே. பூனை கிடைத்துவிட்டது. வக்கீல் தூக்கிப் போன பேன்ட் இருந்த பைக்குள் ஏறி, அவர் வீட்டுக்கே போயிருக்கிறது. அவர் மனைவி அவருக்குத் தெரியாமல் நேற்றிலிருந்து மீன் போட்டுச் செல்லமாக வைத்திருக்கிறார். கூட்டிவரப் போய்த் தூக்கினேன், என் வலது கையைக் கடித்துவிட்டது. அவர் வீட்டுக் குழாயடியில் சோப்போடு நின்று, "சார், இப்ப சாப்பாடு யார் போடறது?" என்று கேட்டேன். வக்கீல் வீங்கின கையை ஆட்டிக்கொண்டு, "பூனை உங்க அக்காவோடதுதான்னு நீங்களே சொன்னீங்களே" என்கிறார்.